ஈகன் கடையில் கேட்காத கான்செர்டினா

பதினொரு வருஷம் டீலியா ஹானன் ஈகன் கடையில் கான்செர்டினா வாசித்தாள், அந்தக் கடைக்குள் அது ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டரை மைல் தள்ளி, மாஸி லெர்னிஹானின் அடுப்படியில், உருளைக்கிழங்கு வேகும் பாத்திரத்துக்கு ஒரு முழம் மேலே அது கணீரென்று கேட்டது. 1974 செப்டம்பர் முதல் ஞாயிறு தொடங்கி 1985 ஜூன் வரைக்கும் இதுதான் நிலவரம். அதே காலத்தில் டூனவாலி ஊரில் இரண்டு முறை மாதா கோயில் கூரை மாற்றப்பட்டது, ஒரு முறை ஆற்றுப்பாலம் இடிந்தது, பால் கேன்கள் போய் பால் லாரி வந்தது. அவற்றைப் பற்றி ஊரில் பேசிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

டீலியா ஊர்ப் பால் சொசைட்டியில் பாலைச் சோதிப்பவள். கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றிச் சுழற்றி, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆறடி விவசாயிகள் அவள் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முப்பத்து நாலு வயதில் கான்செர்டினா பழகத் தொடங்கினாள். அது ஆறு பட்டையான சின்னப் பெட்டி. இரண்டு கைக்கும் நடுவில் துருத்தி, பக்கங்களில் முப்பது பொத்தான். ஒரே பொத்தான் இழுத்தால் ஒரு சுரம் சொல்லும், அழுத்தினால் வேறொன்று சொல்லும். ஒரு மெட்டைப் பிடிக்க எங்கே மூச்சு வாங்குவது, எங்கே விடுவது என்று தெரிந்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன் கழுவும் அறையில் உட்கார்ந்து, ரேடியோவில் கேட்டதைத் திரும்பத் திரும்ப வாசித்து, மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது மெட்டு சேர்த்தாள். கேன் கழுவும் அறையில் சத்தம் நன்றாகவே கேட்டது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பதை இங்கே எழுதிவைப்பது அவசியம், ஏனென்றால் பின்னாளில் பெட்டியைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள்.

ஈகன் கடை பீர் விற்கும் பப். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அங்கே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட வேண்டும் என்பது சட்டம், அதுவரைக்கும் ஃபிடில் என்கிற வயலின், புல்லாங்குழல், தந்தி மீட்டும் பாஞ்சோ. நடுநாயகம் ஃபிளான் மாரினன். அவன் ஃபிடில் நல்ல ஃபிடில்தான், அதில் பொய் சொல்லக் கூடாது. புதிதாக வருகிறவர் வட்டத்துக்கு வெளியே, கதவோரம் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, தெரிந்த மெட்டில் மட்டும் கூடச் சேர்ந்து அடக்கமாக வாசிக்க வேண்டும். தானாக ஒரு மெட்டைத் தொடங்கக் கூடாது. ஒருநாள் யாராவது திரும்பி, "உன்கிட்ட ஏதாவது மெட்டு இருக்கா?" என்று கேட்பார்கள். கேட்டால் அவர் வட்டத்து ஆள். அந்த ஊரில் இதற்கு மேல் பெரிய பட்டம் கிடையாது. தொடங்கியவர் அந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று சொல்வதும் முறை.

முதல் ஞாயிறு டீலியா பெட்டியோடு வந்தபோது ஃபிளான் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அதற்கு முந்தைய வாரம்தான் அவன் கொண்டுவந்த இரண்டு கேன் பாலைப் புளித்தது என்று அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"அங்க உக்காரும்மா, கதவு பக்கத்துல. பழகற வரைக்கும் மெதுவா வாசி. எங்க காதுக்கு வராத மாதிரி."

"சரிங்க," என்றாள் டீலியா.

அவள் துருத்தியை இழுத்தாள். உள்ளே உலோக நாக்குகள் அதிர்ந்தது உள்ளங்கைக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அவளுக்கே கேட்கவில்லை. மற்றவர் வாசிப்பு இரைச்சலில் அமுங்கிப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு விரல்களின் நினைவிலேயே ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும்.

அந்த மாவட்டத்தில் பெண்கள் கான்செர்டினா வாசிப்பது புதிதில்லை. நூறு வருஷமாக அடுப்படியில், விறகு சொருகிக்கொண்டே, தொட்டிலை ஆட்டிக்கொண்டே வாசித்து வந்தார்கள். அதே மெட்டுகளைத்தான் ஆண்கள் பப்பில் போய் வாசித்துக் கைதட்டு வாங்கினார்கள். பெண் வாசிப்புக்கு இடம் அடுப்படி என்று யார் அந்தச் சத்தத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் கை அழுகட்டும். சத்தம் பேசாமல் ஓர் அடுப்படியைத் தேடிக்கொண்டு போய்விட்டது. போன இடத்திலும் அதற்கு யோகமில்லை. மாஸி லெர்னிஹான் தனிக்கட்டை, இசை என்றால் காத தூரம் ஓடுகிற மனுஷர்.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொசைட்டிக்கு வந்தார்.

"ஏம்மா டீலியா, நீ நல்லாத்தான் வாசிக்கிற, நான் குறை சொல்ல வரல. ஆனா ஒன்றரை மணிச் செய்தியில மழை வருமா வராதான்னு சொல்றான் பாரு, அது காதுலயே விழமாட்டேங்குது. புல்லை அறுத்துப் போட்டு நனைய விட்டேன். கொஞ்சம் முன்ன பின்ன வாசிக்கக் கூடாதா?"

"எங்க கேக்குது உங்களுக்கு?"

"பானைக்கு மேலதான். வேற எங்க கேக்கும்?"

டீலியா அன்று நாலு பேரின் பாலைத் திருப்பி அனுப்பினாள். அதில் இரண்டு நல்ல பால்.

விஷயம் ஊரில் பரவியது. மாஸியின் அடுப்படிக்கு ஒருவர் இருவர் போய்க் கேட்டுவிட்டும் வந்தார்கள். நல்ல வாசிப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடுப்படியில் கேட்டது அடுப்படியோடு. ஈகன் கடையில் அது செல்லாது. வட்டத்தில் உட்கார்ந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைப்பார்கள், சீதோஷ்ணம் பேசுவார்கள், பெட்டியின் தோல் வாரைப் புகழ்வார்கள். "உன்கிட்ட ஏதாவது மெட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்கமாட்டார்கள். சத்தம் வராத ஒருத்தியைக் கேட்டால் அவள் கூனிக்குறுகிப் போவாளே என்று அவர்களுக்கு மரியாதை. கேட்காமல் தொடங்கினால் தலைக்கனம் என்பார்களே என்று அவளுக்கு மரியாதை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. சொசைட்டி மேசையில் அவளுக்கு இருந்த வாய் ஈகன் கடை நிலைப்படியைத் தாண்டியதும் எங்கே போயிற்று என்று அவளையே அவள் திட்டிக்கொள்வாள். இரண்டு மரியாதைக்கும் நடுவே பதினொரு வருஷம் போயிற்று. ஒரு தடவை பாஞ்சோக்காரர் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் ஃபிளான் அடுத்த மெட்டைத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பதினோராவது வருஷம் டீலியா சொந்தமாக ஒரு ரீல் கட்டினாள். வேகமாக ஆடுவதற்கான மெட்டு. இரண்டாம் பகுதி ஒரு படி மேலே ஏறி, இறங்க மறுத்து, அங்கேயே நின்று சண்டை போடும். அதைக் கட்ட ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. எங்கும் வெளியே வாசிக்கவில்லை. மெட்டு இருக்கா என்று தன்னைக் கேட்கும் நாளில் வாசிக்கலாம் என்று வைத்திருந்தாள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கடையில் யாருக்கும்தான் கேட்கப்போவதில்லையே என்று, கதவோரம் உட்கார்ந்து அதை மூன்று சுற்று வாசித்துப் பார்த்தாள். அன்று ஃபிளான் கடைக்கு வரவில்லை. மாஸியின் பசு கன்று ஈன முடியாமல் திணறியதால் கைகொடுக்கப் போயிருந்தான். வேலை முடிந்து, மாஸியின் அடுப்படியில் கை கழுவிக்கொண்டு நின்றான். மூன்று சுற்று அவனுக்குத் தாராளம். ஒரே சுற்றில் மெட்டைப் பிடித்துவிடுகிற காது அவனுக்கு.

ஜூனில் டப்ளினிலிருந்து ரேடியோக்காரர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஈகன் கடைக்கு வந்தார். ஊரே நல்ல சட்டை போட்டு வந்தது. டீலியாவும் வந்தாள், கதவோர ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாலைந்து மெட்டு ஆனதும் ஃபிளான் வில்லுக்குப் பிசின் தேய்த்து, கண்ணை மூடி, அவளுடைய ரீலைத் தொடங்கினான். இரண்டாம் பகுதி மேலே ஏறி நின்று சண்டை போட்டது. கடை அதிர்ந்தது. யாரோ தரையில் காலால் தாளம் போட்டார்கள்.

"அபாரம்," என்றார் ரேடியோக்காரர். "இது யார்கிட்டேர்ந்து வந்தது?"

"செத்துப்போன தாடி லெர்னிஹான்கிட்டேர்ந்து. நம்ம மாஸியோட அப்பா. அவர் சாகறதுக்கு முந்தின வருஷம் எனக்குக் கொடுத்தார்."

தாடி லெர்னிஹான் எழுபத்தெட்டு வருஷம் வாழ்ந்து ஒரு மெட்டும் அறியாமல் செத்த மனுஷர். அவரிடம் இருந்த ஒரே இசை தும்மல். அது அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த ரீல் மாஸியின் பானைக்கு மேலே கேட்டது என்று பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை. வெளியூர்க்காரர் முன்னால் நம் ஊர் ஆளைக் காட்டிக்கொடுப்பதா என்று அதுவும் ஒரு மரியாதை. மண்ணாங்கட்டி மரியாதை.

டீலியா எழுந்திருக்கவில்லை. கத்தவுமில்லை. சுரமில்லாமல் காற்றை மட்டும் விடும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு துருத்தியை இழுத்தாள். அதற்கு ஏழு மடிப்பு. ஏழும் விரிந்தது. அதற்கு மேலும் விரிந்தது. இரண்டு கையும் முழு நீளத்துக்குப் போகும் வரை இழுத்தாள். ஃபிளானின் கடைசிச் சுரம் வில்லிலிருந்து கழன்று அவள் பக்கம் போயிற்று. பின்னாலேயே கண்ணாடித் தம்ளர்களின் சத்தம், காலால் போட்ட தாளம், ரேடியோக்காரரின் கருவி சுற்றும் சத்தம், கல்லாப்பெட்டியின் மணி, கடைக்காரர் ஜோ-ஜோ ஈகன் பாதியில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வாக்கியம். பிறகு கடையில் எதுவும் இல்லை. டீலியா துருத்தியை மெல்ல மடித்து, வாரைக் கட்டி, உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நிரம்பிய பால் கேன் கனம் கனத்தது என்று பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஈகன் கடைக்குள் சத்தமே கிடையாது. நிலைப்படிக்கு வெளியே நின்று பேசினால் கேட்கும். ஒரு கால் உள்ளே வைத்தால் போயிற்று. கறுப்பு பீர் வேண்டுமென்றால் விரலைக் காட்டினார்கள். கன்று விற்கிறவர்கள் உள்ளங்கையைத் தட்டி விலை பேசி, தட்டு கேட்காததால் தகராறாகி, தகராறும் கேட்காததால் அலுத்துப்போய் உட்கார்ந்தார்கள். ஃபிளான் ஃபிடிலை எடுத்து வாசித்தான். பிசின் தூள் பறந்தது, அவ்வளவுதான். ரேடியோக்காரர் டப்ளின் போய்ப் பார்த்தபோது நாடாவில் அந்த மெட்டு இருந்த இடம் மட்டும் காலி. கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்.

பங்குச் சாமியார் முதலில் டீலியா வீட்டுக்குப் போனார்.

"கோபம் தலையான பாவம் ஏழுல ஒண்ணு, டீலியா."

"திருட்டு பத்துக் கட்டளையில இருக்கு ஃபாதர். ஏழு பெருசா, பத்து பெருசான்னு நீங்களே சொல்லுங்க."

சாமியார் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்து ஜோ-ஜோ ஈகன் வந்தார். அவருக்குப் பேச ஓர் இடம் கிடைத்த சந்தோஷத்தில் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"நாங்க உன்னக் கேக்காம இருந்தது மரியாதைக்குத்தான் டீலியா. நீ கூச்சப்படுவியேன்னு."

"நான் தொடங்காம இருந்ததும் மரியாதைக்குத்தான்."

ஜோ-ஜோ யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"அப்போ இந்தப் பதினோரு வருஷமும்..."

"ஆமா."

"ஐயோ தாயே."

"அதுகூடப் பரவால்ல ஜோ-ஜோ. அதுல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா ஃபிளான் செஞ்சது மரியாதை இல்ல. அவன் கடைக்குள்ள நின்னு, எல்லார் முன்னாலயும், அந்த மெட்டு யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்லணும். சொல்லிட்டு என்னக் கேக்கணும்."

"உள்ளதான் சத்தம் கேக்காதே!"

"அது என் பிரச்சனை இல்ல."

ஃபிளான் வீம்புக்காரன். ஆனால் ஃபிடில் ஊமையானவன் எத்தனை நாள் வீம்பு பிடிப்பான்? எட்டாவது ஞாயிறு, பூசைக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஈகன் கடையில் நின்றது. டீலியா வந்தாள். ஸ்டூலில் உட்காராமல் நடு இடத்துக்குப் போய், யாரோ எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்ததால் அவள் குரல் மட்டும் உள்ளே கேட்டது. ஃபிளான் எழுந்து தொப்பியைக் கழற்றினான். அவன் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"கேக்கல," என்றாள் டீலியா.

அவன் மறுபடி சொன்னான். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக.

"கேக்கல, ஃபிளான். சத்தமாச் சொல்லு."

மூன்றாம் தடவை அவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். முகம் ரத்தச் சிவப்பாயிற்று, கண்ணில் தண்ணீர் நின்றது. ஊசி விழுந்திருந்தால்கூடக் கேட்டிருக்காது. நின்றவர்களில் பலர் தரையைப் பார்த்தார்கள். சிலருக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. டீலியாவுக்கு வரவில்லை. இன்னும் பத்துத் தடவை கத்தவைத்தாலும் தனக்கு ஆறாது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

"பதினோரு வருஷம் நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன்," என்று சொல்லிவிட்டுத் துருத்தியை அழுத்தினாள்.

முதலில் பழைய தம்ளர்ச் சத்தமும் கல்லாமணியும் வந்தன, ஜோ-ஜோவின் மிச்ச வாக்கியம் வந்து முடிந்தது. பிறகு ஃபிளானின் மூன்று கத்தல்களும் ஒன்றாக வந்து விழுந்தன. "அது டீலியா ஹானனோட மெட்டு! நான் திருடினேன்! டீலியா, உன்கிட்ட ஏதாவது மெட்டு இருக்கா?" எல்லாவற்றுக்கும் பிறகு கான்செர்டினா. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அவ்வளவு சத்தமா என்று ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அவள் தன் ரீலை மூன்று சுற்று வாசித்தாள். முதல் சுற்றில் யாரும் சேரவில்லை, அது முறை. இரண்டாவதில் புல்லாங்குழல் சேர்ந்தது, பாஞ்சோ சேர்ந்தது. முடித்ததும், "இது என்கிட்டேர்ந்தே வந்தது," என்றாள். மாஸி லெர்னிஹான் வீட்டில் அன்று, அவள் வாசித்தும், வானிலை துல்லியமாகக் கேட்டது. அவர் பாதியிலேயே ரேடியோவை அணைத்துவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் எழுந்துபோனார்.

மூன்றாவது சுற்றில் ஃபிளானும் வில்லை வைத்தான். அவன் ஃபிடில் மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மெட்டு இருக்கா என்று டீலியா அவனைக் கேட்டால்தான் அது வாய் திறக்கும் என்பது ஊருக்குப் புரிந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, இந்த மாதிரி விஷயங்கள் புரிந்துவிடும். வராமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று ஃபிளான் ஞாயிறுதோறும் வந்தான். கதவோர ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தமில்லாத ஃபிடிலை ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போவான். எந்த வீட்டு அடுப்படியிலும் அது கேட்டதாகத் தகவல் இல்லை. டீலியா புதிதாக வந்தவர்களை மூன்றாவது வாரமே கேட்டாள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பல்வைத்தியரைக்கூடக் கேட்டாள், அவருக்கு ஒன்றரை மெட்டுதான் தெரியும். ஃபிளான் பக்கம் மட்டும் திரும்பவில்லை. போதும், கேள் என்று அவளிடம் சொல்வது மரியாதையாக இருக்காது என்று ஊர் சும்மா இருந்தது.

இப்படி ஒன்பது வருஷம். 1994 நவம்பரில் ஃபிளான் மாரினன் மாட்டுக் கொட்டகையில் நெஞ்சடைத்துச் செத்தான். அவன் வீட்டில் உடலைக் கிடத்தி, ஊரே வரிசையில் நின்று விதவையின் கையைக் குலுக்கியது. டீலியாவும் நின்றாள். ஃபிளானின் மனைவி டெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஒருநாள் நீ அவரக் கேட்டிருக்கலாம், டீலியா."

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"கோவம்."

"இன்னுமா?"

அடுத்த ஞாயிறு கேட்டிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். செத்த வீட்டில் அந்தப் பொய்யை யாரும் குறை சொல்லமாட்டார்கள். டீலியா சவப்பெட்டியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும்தான் டெஸ்."

டெஸ் தலையை ஆட்டினாள். "ஹாம் சாண்ட்விச் இருக்கு, சாப்பிட்டுப் போ," என்றாள். டீலியா சாப்பிட்டுவிட்டுப் போனாள். வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் கையால் குத்தினாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது, அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, மரியாதைக்காக ஈகன் கடையில் யாரும் தொடங்கவில்லை. எல்லோரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று பத்துக்குக் கதவோரம், ஆள் இல்லாத ஸ்டூலிலிருந்து ஃபிடில் கேட்டது. சுத்தமான ஃபிடில், சுருதி பிசகவில்லை. டீலியாவின் ரீல். பல்வைத்தியர் சிலுவை போட்டுக்கொண்டார், அவர் கத்தோலிக்கர்கூட இல்லை. ஜோ-ஜோ எட்டிப் பார்த்து, ஸ்டூலின் மேல் கிடந்த யாருடைய கோட்டையோ எடுத்து ஆணியில் மாட்டினார்.

டீலியா முழுச் சுற்றும் அசையாமல் கேட்டாள். ஒன்பது வருஷத்தில் அவன் நன்றாகத் தேறியிருந்தான். அவள் முகம் சிவந்து, காதும் சிவந்தது.

"இவன யாரு கேட்டா?" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

யாரும் கேட்கவில்லை என்று ஜோ-ஜோ சொன்னார். ஃபிடில் நிற்கவில்லை, இரண்டாவது சுற்றைத் தொடங்கியது. அன்று முதல் டூனவாலியில் ஞாயிறு வாசிப்பை ஃபிளான் மாரினன்தான் யாரும் கேட்காமலே தொடங்குகிறான். டீலியா ஹானன் ஒரு சுற்று பொறுத்திருப்பாள், அப்புறம் அவனைத் திட்டிக்கொண்டே துருத்தியை இழுத்துக் கூடச் சேர்ந்துகொள்வாள்.